பழைய கிராண்ட் பியானோ: ‘ட்யூன் செய்தால் போதும்’ என்றால் நம்பலாமா?

கேள்வி: நூறு வருடத்துக்கு மேல் பழைய கிராண்ட் பியானோ ஒன்று விலைக்கு வருகிறது. புதிதாகப் பாலிஷ் போட்டு, முகம் பார்க்கலாம் போல மின்னுகிறது. ‘ட்யூன் செய்தால் போதும்’ என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: அவ்வளவுதான் வேலை என்றால், அதையும் செய்துவிட்டே விற்கலாமே! பாலிஷுக்குச் செலவழித்தவருக்கு ட்யூனிங் செலவா பெரிது?

பாலிஷை விடுங்கள், மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். உள்ளே சுமார் 230 கம்பிகள். அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 20 டன். தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். அதில் விரிசல் தெரிந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பின் பிளாக் (pin block). கம்பி சுற்றிய ஆணிகளை இறுக்கிப் பிடித்திருக்கும் கட்டை இது. சட்டத்துக்கு அடியில் ஒளிந்திருப்பதால் விற்பவர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. காய்ந்து வெடித்திருந்தால் எத்தனை முறை ட்யூன் செய்தாலும் சுருதி நிற்காது. ஆணிகளைச் சுற்றிக் கறுத்த கறை இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பிடிமானம் போன ஆணிக்கு யாரோ மருந்து ஊற்றிச் சமாளித்திருக்க வாய்ப்பு அதிகம். லேசான தளர்ச்சி என்றால் சற்றுப் பருமனான ஆணி போட்டு ஒப்பேற்றலாம். கட்டையையே மாற்றுவதென்றால் கம்பி, சட்டம் அத்தனையும் கழற்ற வேண்டும். பியானோவின் விலையை அந்தச் செலவு தாண்டிவிடுவதும் உண்டு.

கம்பிகளின் அதிர்வை வாங்கி ஒலியைப் பெருக்கும் மரப்பலகை சவுண்ட்போர்டு. அதில் ஓரிரு கீறல் இருந்தால் பயப்படாதீர்கள். வாசிக்கும்போது கிர்ரென்று அதிராமல் இருந்தால் போதும். கம்பியைத் தட்டும் சுத்தியலின் கம்பளி உறையில் (ஹேமர் ஃபெல்ட்) கம்பித் தடம் பதிந்திருப்பதும் சகஜம்தான், தேய்த்துச் சரிசெய்யலாம்.

வெள்ளைக் கட்டைகளின் மேற்பரப்பில் குறுக்கே மெல்லிய இணைப்புக்கோடு தெரிகிறதா? யானைத் தந்தமாக இருக்கலாம். நாடு விட்டு நாடு கொண்டுபோவதில், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாடுகள் உண்டு, முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

வயதை விற்பவர் வாயால் கேட்காதீர்கள். சட்டத்திலோ பின் பிளாக் அருகிலோ சீரியல் எண் இருக்கும். பெரிய கம்பெனிகளின் எண்கள் எந்த வருடத்தவை என்பதற்குப் பட்டியல்கள் உண்டு.

முன்பணம் கொடுப்பதற்கு முன், விற்பவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பியானோ டெக்னீஷியனைக் காசு கொடுத்துக் கூட்டிப்போங்கள். ஆணிகளின் இறுக்கத்தை அளந்து, என்னென்ன வேலை, எவ்வளவு செலவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அதோடு வாங்கும் விலை, ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் கூட்டி, ஏற்கெனவே புதுப்பித்து விற்கும் பியானோவின் விலையோடு ஒப்பிடுங்கள். தாத்தா வாசித்த பியானோ என்றால் கணக்கே பார்க்க வேண்டாம். முன்பின் தெரியாதவரிடம் வாங்குவதற்கு அந்தச் சலுகை எதற்கு?