நிற்பவர் தடுமாறாமல் ஓட்டத் தெரிய வேண்டும்

கேள்வி: நான் ஒடுகத்தூர் அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன். வயது 22. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன். கார் லைசென்ஸ் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. விடுமுறை நாட்களில் மாமாவின் வேனை ஓட்டுகிறேன். பேருந்து ஓட்டுநராக வேண்டும் என்பது சிறுவயது முதலே எனக்குள்ள ஆசை. "படித்துவிட்டு டிரைவர் வேலைக்குப் போனால் எவன் பெண் கொடுப்பான்?" என்று அப்பா கேட்கிறார். இதற்கிடையில், 4 லட்சம் ரூபாய் கொடுத்தால் அரசுப் பேருந்தில் நேரடியாக வேலை வாங்கித் தருவதாக எங்கள் பக்கத்தில் ஒருவர் சொல்கிறார். நிலத்தை அடகு வைத்துக் கொடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கு அவகாசம் இருக்கிறது, இதற்கு இல்லை. நிலத்தை அடகு வைக்காதீர்கள். அந்த மனிதரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஆள் எடுப்பதாக இருந்தால் அறிவிப்பு வெளியிட்டுத்தான் எடுக்கின்றன. 2025 மார்ச்சில் எட்டுக் கழகங்களுக்கும் சேர்த்து, நடத்துநர் வேலையையும் பார்க்கக்கூடிய ஓட்டுநர்கள் 3,274 பேர் தேவை என்று அறிவித்தார்கள். நம் வேலூர் மண்டலம் அடங்கிய விழுப்புரம் கழகத்துக்கு அதில் 322 இடங்கள். எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வு, நேர்காணல் என்று வரிசையாக நடந்த அந்தத் தேர்வில் 'நேரடியாக வாங்கித் தருவது' என்று ஒரு வழி கிடையாது. உங்களிடம் வந்தவர் போன்றவர்கள் பத்துப் பேரிடம் பணம் வாங்கிக்கொள்வார்கள். அதில் ஒருவர் தம் சொந்தத் திறமையால் தேறிவிட்டால், அவரைக் காட்டியே அடுத்த பத்துப் பேரைப் பிடிப்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிமனைகளில் இருந்தவன் என்ற முறையில், இப்படி நிலம் போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் வயதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 2025 அறிவிப்பில் கேட்டிருந்தவை இவை: 24 வயது நிறைவு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, தமிழில் எழுதப் படிக்கத் தெரிதல், கனரக வாகன உரிமத்துடன் 18 மாத அனுபவம், பொதுப்பணி வாகன பேட்ஜ், நடத்துநர் உரிமம், முதலுதவிச் சான்றிதழ், 160 சென்டிமீட்டர் உயரம், 50 கிலோ எடை. வாடகை, பொதுப் போக்குவரத்து வாகனங்களை ஓட்டுவதற்குச் சட்டப்படி 20 வயது ஆகியிருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் கையில் வந்து ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும். இரண்டும் உங்களுக்கு ஆகிவிட்டன. ஆகையால் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்ந்து ஹெவி எல்.எல்.ஆர். (கனரக வாகனப் பழகுநர் உரிமம்) போட்டுவிட்டு, உரிமம் கைக்கு வந்ததும் 18 மாதம் ஓட்டினால், 24 வயது தானாகவே வந்துவிடும். உங்கள் டிப்ளமோவை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நடுவழியில் வண்டி நின்றுவிட்டால், டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறதா, பெல்ட் அறுந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த ஓட்டுநருக்குப் பணிமனையில் தனி மதிப்பு உண்டு.

அந்த 18 மாதங்களை எங்கே கழிப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. லாரி ஓட்டலாம், அனுபவக் கணக்குக்கு அதுவும் சேரும். ஆனாலும், தனியார் பேருந்தில் மாற்று ஓட்டுநராகத் தொடங்குங்கள் என்றே நான் சொல்வேன். அதற்குக் காரணம் என் அனுபவம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நம் கழகத்துக்குப் பட்டுக்கோட்டை அழகிரியின் பெயர் இருந்தது. இன்றைய பெயர் 1997-இல் வந்தது. அதற்கு முன் சில ஆண்டுகள் லாரி ஓட்டியவன் என்பதால், வண்டி ஓட்டுவதில் எனக்கு யாரும் எதுவும் கற்றுத்தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே டவுன் பஸ் கொடுத்தார்கள். முதல் மாதத்திலேயே ஒரு நாள் சி.எம்.சி. மருத்துவமனை நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கியபடி, தெலுங்கு பேசும் நடுவயதுக்காரர் ஒருவர் பின்படி வழியாக ஏறியிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. சைக்கிள் ஒன்று குறுக்கே வந்ததும், லாரியில் மிதிப்பதுபோல் பிரேக்கை மிதித்தேன். பின்னாலிருந்து வந்த முனகல் என் காது வரைக்கும் கேட்டது. நடத்துநர் என்னைவிட மூத்தவர். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, என் தோளருகே குனிந்து, "தம்பி, பின்னாடி வயித்துல தையல் போட்ட ஆள் நிக்கிறாரு" என்று மட்டும் சொன்னார். உள்கண்ணாடியில் பார்த்தேன். கம்பியைப் பிடிக்க வேண்டிய இரண்டு கைகளாலும் அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

லாரியில் ஏற்றிய மூட்டைக்கு வலி கிடையாது. பேருந்து ஓட்டுநரின் திறமை அவர் வேகத்திலோ, ஏர் ஹாரன் சத்தத்திலோ, ஒரு சாண் இடைவெளியில் முந்திக் காட்டுவதிலோ இல்லை. கடைசி வரிசைக்கு அருகில் பிடிமானமில்லாமல் நிற்கும் ஒருவர் தடுமாறாமல் இறங்குகிறாரா என்பதில் இருக்கிறது. அன்றைக்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறையைச் சொல்கிறேன். நிறுத்தம் கண்ணுக்குத் தெரிந்ததுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். வண்டி தானாகச் சற்றுத் தளர்ந்த பிறகு பிரேக்கை மெதுவாக அழுத்த வேண்டும். முழுதாக நிற்பதற்கு ஒரு நொடி முன்பு அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். அந்தக் கடைசித் தளர்வுதான் முக்கியம். அது இல்லாவிட்டால் நிற்பவர்கள் முதலில் முன்னால் சாய்ந்து, பிறகு பின்னால் விழுவார்கள். ஏர் பிரேக்கில் காற்று சக்கரம் வரைக்கும் போய்ச் சேரச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால், மாமாவின் வேனில் உங்கள் காலுக்குப் பழகியிருக்கும் கணக்கு இங்கே உதவாது. திருப்பத்தில் பேருந்தின் பின்சக்கரம் உள்வாங்கும். பின்கோடி வெளியே வீசும். இதையெல்லாம் ஆளில்லாத மைதானத்தில் ஓரளவுதான் கற்க முடியும்.

தனியார் பேருந்தைப் பற்றி இனிப்பாக மட்டும் சொல்ல மாட்டேன். நாள் சம்பளமும் படியும்தான் வருமானம், அதுவும் பெரும்பாலும் கலெக்‌ஷனைப் பொறுத்தது. முன்னால் போகும் வண்டி இரண்டு நிமிடம் தாமதித்தால் உங்கள் ஆட்களை அது ஏற்றிக்கொண்டுவிடும், நீங்கள் தாமதித்தால் பின்னால் வருபவர் உங்களோடு சண்டைக்கு வருவார். இந்த டைமிங் சண்டையில்தான் இளம் ஓட்டுநர்கள் பலர் கெட்டுப்போகிறார்கள். எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் இடையில் அரை மணி நேர ஓய்வு என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்குச் சட்டம் எழுதிவைத்தார்கள். அதைக் கடைப்பிடிக்கும் முதலாளியா என்று, சேருவதற்கு முன் அங்கே ஓட்டும் மூத்த ஓட்டுநர் ஒருவரிடம் டீக்கடையில் வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். அனுபவச் சான்று எழுதித் தருவாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சமவெளியில் கை பழகிய பிறகு மலைப்பாதையில் சில மாதமாவது ஓட்டக் கிடைத்தால் விடாதீர்கள். ஏலகிரிக்குப் பொன்னேரியிலிருந்து ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஓட்டுநர் யார் என்பது தெரியும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுபவரைக் கண்டால் அவரிடம் தொழில் கற்காதீர்கள். எஞ்சின் பிடிக்காத வண்டியைப் பிரேக் மட்டுமே பிடிக்க வேண்டியிருக்கும், ஓயாமல் மிதித்தால் டிரம் சூடேறி, காற்றும் குறைந்து, தேவைப்படும் இடத்தில் பிரேக் கை கொடுக்காது. சாலை குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கே முதல் உரிமை.

விபத்தைப் பற்றியும் நீங்கள் தெரிந்துதான் வர வேண்டும். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் சிறை என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் அது ஐந்து ஆண்டுகள் வரை ஆகியிருக்கிறது. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்வதும், காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பதும் ஓட்டுநரின் சட்டப்பூர்வக் கடமைகள். கூட்டம் அடிக்க வருமே என்ற பயம் நியாயமானதுதான். அப்போதும் ஓடி ஒளியாமல், நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்விடுவதுதான் வழி.

உங்கள் அப்பாவின் கேள்வியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். என் மாமனாரும் அதையே கேட்டவர். ஓட்டுநரின் வீட்டில் தீபாவளியும் பொங்கலும் அவர் இல்லாமல்தான் நடக்கும், ஏனென்றால் ஊரே ஊருக்குப் போகும் நாளில் அவர் ஸ்டீயரிங்கில் இருப்பார். நைட் ஹால்ட் வண்டி என்றால், ஏதோ ஒரு கிராமத்து ஆலமரத்தடியில் பேருந்தின் இருக்கையிலேயே படுத்துவிட்டு, விடியும் முன் முதல் நடையை எடுக்க வேண்டும். முதுகுவலி வரும், நேரம் தவறிய சாப்பாட்டால் வயிறு கெடும், வேலூர் வெயிலில் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து, நினைத்தபோது தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் முடியாமல் சிறுநீரகக் கல் வந்தவர்களில் நானும் ஒருவன். இவற்றை அப்பாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கூடவே, நிலத்தைத் தொட மாட்டேன், இரண்டு ஆண்டுகளில் இன்னின்ன சான்றிதழ்களை வாங்குவேன், ஹெவி உரிமம் வரும்வரை சிப்காட் வேலையை விடமாட்டேன் என்பதையும் சொல்லுங்கள். அப்பாக்கள் பெரும்பாலும் ஆசையைக் கேட்டுப் பயப்படுவார்கள். கணக்கைக் கேட்டால் கொஞ்சம் அமைதியாவார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த விடுமுறை நாளில் கண் மருத்துவர் ஒருவரைப் பார்த்து, தூரப்பார்வையையும் நிறம் பிரித்தறியும் திறனையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஹெவி உரிமத்துக்கான மருத்துவச் சான்றில் இவை இரண்டையும் பார்ப்பார்கள். சிவப்பும் பச்சையும் குழம்பும் குறை பலருக்குத் தெரியாமலே இருக்கும். எங்கள் காலத்தில் ஒரு பையன் பயிற்சிப் பள்ளிக் கட்டணம் முழுவதையும் கட்டிய பிறகே அதைத் தெரிந்துகொண்டான்.