சோற்றுப் பார்சலும் சொட்டு மருந்தும்

கேள்வி: சண்டை நடக்கும்போது சமூகப் பணியாளர்கள் சோற்றுப் பார்சல் கொடுக்கலாம், சமாதானத்துக்கு அவர்களால் என்ன செய்ய முடியும்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பார்சலை லேசாகச் சொல்லாதீர்கள். 1983 ஜூலையில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதியாக இருந்தவர்களைக் கேளுங்கள், என்ன சாப்பிட்டோம் என்பதை விட யார் கொண்டுவந்தார்கள் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். சரி, விஷயத்துக்கு வருவோம். 1985இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த மத்திய அமெரிக்க நாடான எல் சல்வடோரில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக இரு தரப்பும் சண்டையை நிறுத்தின, 90களில் நம் இலங்கையிலும் போலியோ சொட்டு மருந்துக்கு அப்படி நாட்கள் ஒதுக்கினார்கள். இதெல்லாம் தானாக நடக்காது. இரண்டு பக்கமும் நம்பும் சமூகப் பணியாளர் ஒருவர் மருந்து ஐஸ்பெட்டியோடு சோதனைச்சாவடியில் நின்று, அவர்களுடைய மொழியில் பொறுமையாகக் கதைக்க வேண்டும். மறுபக்கத்துக்குத் தகவல் காவுகிறார் என்று ஒரு சந்தேகம் வந்தாலே போதும், அடுத்த தடவை மருந்து வான் வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான்.