கல்லுக்கு எண்ணெய் ஊற்றாதவர் யார்?

கேள்வி: எங்கள் நிலத்து மேட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். வருஷத்துக்கு ஒரு முறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பொங்கல் வைத்து, கிடா வெட்டுவோம். காலேஜில் படிக்கும் என் மகன், "வெறும் கல்லுக்கு எதுக்குப்பா இதெல்லாம், சுத்த மூடநம்பிக்கை" என்கிறான். வாட்ஸ்அப்பிலோ, இங்கிலாந்தில் வட்டமாக நிற்கும் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களையே நம் முன்னோர்தான் போய் நட்டார்கள் என்று வருகிறது. எது சரி?
வாசகர் ஒருவர், ஆலங்காயம்

பதில்: இரண்டும் சரியில்லை. வாட்ஸ்அப் சீக்கிரம் முடிகிற விஷயம், அதை முதலில் முடித்துவிடுவோம்.

ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்கள் நிமிர்ந்தது கி.மு. 2500 வாக்கில். அவை வந்தது சுமார் 25 கிலோமீட்டர் தூரத்திலிருந்து. சின்ன நீலக்கற்களை வேல்ஸ் மலைகளிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் இழுத்து வந்திருக்கிறார்கள். நடுவில் படுத்துக் கிடக்கும் கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதியிலிருந்து வந்தது என்று 2024இல் அதன் தாதுக்களைச் சோதித்துச் சொன்னார்கள். எல்லாம் அந்தத் தீவுக்குள்ளேயே நடந்த வேலை. அங்கே அப்போது இரும்பு கிடையாது. நம் பக்கத்தில் பழைய புதைகுழிகளைச் சுற்றி அடுக்கிய கல்வட்டங்களைத் தோண்டினாலோ இரும்புக் கத்தியும் கறுப்பு சிவப்புப் பானையும் வருகின்றன. இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைக் கிடத்திய அந்தப் படம் நம் ரோட்டோரச் சுமைதாங்கி மாதிரி இருப்பதால் வாட்ஸ்அப்காரருக்கு ஆசை வந்திருக்கும். உருவம் ஒத்துப்போனால் உறவு ஆகிவிடாது.

ஆனால் கல்லை நட்டவர்கள் அங்கே செய்ததைக் கேட்டால் உங்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. செத்தவர்களை எரித்த சாம்பலையும் எலும்பையும் அந்த வட்டத்துக்குள் புதைத்திருக்கிறார்கள். கோடையில் மிக நீண்ட பகலன்று சூரியன் உதிக்கும் திசைக்கும், குளிர்காலத்தில் மிகக் குறுகிய பகலன்று மறையும் திசைக்கும் கற்களை நேராக அமைத்திருக்கிறார்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்த குடியிருப்பில் பன்றி எலும்பு குவியல் குவியலாகக் கிடைத்தது. பல்லைப் பார்த்து வயதைக் கணித்ததில், அவற்றில் பல ஒன்பது மாதக் குட்டிகள். வசந்தத்தில் பிறந்ததை நடுக்குளிரில் வெட்டி விருந்து வைத்திருக்கிறார்கள். உங்களுக்குக் கிடா, அவர்களுக்குப் பன்றி.

எண்ணெய்க்கு வருவோம். பைபிளின் ஆதியாகமத்தில் யாக்கோபு, ராத்திரி தலைக்கு வைத்துப் படுத்த கல்லைக் காலையில் எழுந்து தூணாக நிறுத்தி, அதன் மேல் எண்ணெய் வார்க்கிறார். அதே பைபிளின் உபாகமம், தூண் நிறுத்தாதே, கர்த்தர் அதை வெறுக்கிறார் என்கிறது. எல்லோரும் செய்துகொண்டிருந்தால்தானே தடை போடத் தோன்றும்? கிரேக்க நாட்டில் டெல்ஃபி கோயில் பக்கத்தில் ஒரு கல்லுக்குத் தினமும் எண்ணெய் ஊற்றி, திருவிழாவில் ஆட்டு ரோமம் சாத்துவார்கள் என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பவுசானியஸ் என்ற கிரேக்கப் பயணி நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அவருக்கு ஏறக்குறைய 500 வருஷம் முன்னால் தியோபிராஸ்டஸ் என்ற தத்துவாசிரியர், முச்சந்தியில் எண்ணெய்ப் பிசுக்கோடு நிற்கும் கல்லைக் கண்டால் தன் குப்பியிலிருந்து ஊற்றி, மண்டியிட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்வான் என்று ஒரு மூடநம்பிக்கைக்காரனைக் கிண்டல் செய்கிறார். உங்கள் மகன் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை, 2300 வருஷத்துப் பழைய கிண்டல் அது.

நம்மிடம் அதைவிட நல்ல கேள்வியே இருக்கிறது. தகடூர் அதியமான் இறந்தபின் ஔவையார் அவன் நினைவாக நட்ட நடுகல் முன்னால் நின்று பாடிய பாட்டு புறநானூற்றில் 232ஆவது. கல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சின்னக் கிண்ணத்தில் வடித்த கள்ளை ஊற்றுகிறார்கள். மலையோடு சேர்த்து நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இதையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று கேட்கிறார் ஔவை. கல் குடிக்காது என்பது அந்தக் காலத்தவருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். தெரிந்துதான் ஊற்றினார்கள். மகனிடம் இந்தப் பாட்டைக் கொடுங்கள், ஆறே வரிதான்.

இதே புறநானூற்றில் மாங்குடி கிழார், பகைவரின் யானையைக் கொன்று விழுந்தவனின் கல்லைத் தவிர நெல் தூவிக் கும்பிட எங்களுக்கு வேறு கடவுளே இல்லை என்கிறார். தொல்காப்பியம் இந்தச் சடங்கை ஆறு படியாகவே பிரித்து வைத்திருக்கிறது: ஏற்ற கல்லைத் தேடிப் பார்ப்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. நீங்கள் வருஷா வருஷம் செய்யும் குளிப்பாட்டும் பொங்கலும் இதில் வந்துவிட்டன.

உங்களுக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறேன். ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம், 1989 வரை நம் வட ஆற்காடு மாவட்டத்திலேயே இருந்த செங்கம்தான் சங்க நூலான மலைபடுகடாம் பாடும் நன்னனின் ஊர். அவனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தருக்கு வழி சொல்கிறவர், கவர்த்த வழிகளில் எல்லாம் வீரர் பெயரோடு நட்ட கல் எண்ண முடியாத அளவுக்கு நிற்கும், அவற்றுக்குப் பிடித்த மாதிரி பாடி, யாழை வாசித்துவிட்டு, சீக்கிரம் நடையைக் கட்டுங்கள் என்கிறார். எண்ண முடியாத என்பது புலவர் வாய்க்கு வந்தபடி சொன்னதல்ல. 1970களின் தொடக்கத்தில் தொல்லியல் துறை செங்கம் பக்கம் தேடியபோது பல்லவர் கால நடுகற்கள் வரிசையாகக் கிடைத்தன.

அதில் எடத்தனூர்க் கல்லை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டில், எருமைகளுக்காக நடந்த சண்டையில் செத்த கருந்தேவக்கத்தி என்பவனின் கல் அது. அவனோடு நின்று இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் காத்த நாய்க்கும் உருவம் உண்டு. கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். ஸ்டோன்ஹெஞ்சில் யாரைப் புதைத்தார்கள் என்று ஒரு மன்னன் பெயர்கூடக் கிடையாது. நமக்கோ நாயின் பெயர் தெரியும். இதை விட்டுவிட்டு இங்கிலாந்துக்கு உரிமை கொண்டாடப் போவானேன்?

ஆலங்காயத்துக்குப் பக்கத்து ஊரான ஆம்பூரில் உள்ள நடுகல் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நிருபதுங்க பல்லவனின் 26ஆவது ஆண்டில் நுளம்பன் என்ற அரசனின் படை வந்து மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போக, அதை மீட்டுக் கொடுத்துவிட்டு விழுந்த சன்னன் என்பவனுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். வேடியப்பன் என்று நம் பக்கம் கும்பிடும் பல கற்கள் இப்படிப்பட்ட ஆட்கள்தான். பெயர் மறந்துபோய் சாமி மட்டும் மிஞ்சிவிட்டது.

உங்கள் கல்லும் அப்படியா என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. நிற்கும் கல்லெல்லாம் வீரன் கல் இல்லை. இரும்புக் காலத்து ஈமக் குழி மேல் நட்ட குத்துக்கல்லாக இருக்கலாம், எல்லைக் கல்லாகவும் இருக்கலாம். அதைப் பார்க்க ஒரு வழி உண்டு. வெறும் தண்ணீர் விட்டுத் துணியால் துடையுங்கள். கம்பி பிரஷ், ஆசிட் பக்கம் போகாதீர்கள். இருட்டியபின் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து வெளிச்சம் அடியுங்கள். வில், வாள், மாடு, எழுத்து எது இருந்தாலும் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். இந்த வேலைக்கு மகனையே அனுப்புங்கள், போனில் படமும் எடுப்பான். ஏதாவது தெரிந்தால் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு எழுதிப் போடுங்கள்.

அப்புறம், திருப்பணி என்று சொல்லி எனாமல் பெயிண்ட் அடித்து, சுற்றி டைல்ஸ் பதித்து, கல்லின் பாதியை சிமெண்டில் புதைக்கும் வழக்கம் ஊருக்கு ஊர் பரவுகிறது. மூடநம்பிக்கை என்று உங்கள் மகன் இதைச் சொல்லியிருந்தால் நானும் அவன் கட்சி. எண்ணெயைக் கொஞ்சம் குறையுங்கள், அடுத்த வருஷம் எழுத்து இருந்தால் படிக்கலாம். கிடா விஷயம் உங்கள் வீட்டு விவகாரம், அதில் நான் தலையிடவில்லை.