பழைய பிரீமியர் பத்மினியில் மணாலி வழியாக லே வரை போக முடியுமா?

போகலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே யாராவது வந்து கிழிப்பார்கள். நான் லே வரை போகவில்லை. வழியில் கூடார முகாம் இருக்கிற சர்ச்சுவோடு திரும்பிவிட்டேன். பாதி வழியில் திரும்பியவன் என்ன பதில் சொல்வது என்று நினைப்பவர்கள் அடுத்த பதிலுக்குப் போகலாம், கோபமில்லை.

தில்லியில் வேலை, மதுரையில் தாத்தாவின் 1978 மாடல் பத்மினி, அதைச் சரிசெய்து லடாக் போக ஆசை, "வண்டி தாங்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக என் சொந்தக்காரர்கள் எல்லாக் கல்யாணத்திலும் என்னிடம் கேட்கிற கேள்வி அது. "பத்மினி பாதி மலையில மூச்சு விட்டுடுச்சாமே?" இல்லை. விடவில்லை. அதைச் சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுதப்போகிறேன்.

எங்களுடையது 1984 மாடல். அப்பா 1991-ல் மூன்றாவது கை மாறி வாங்கினார். தில்லி ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் வந்த முதல் கார். மலை மந்திர் முருகன் கோவிலுக்கு எடுத்துப்போய் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா அலுவலகத்தில் எல்லைச் சாலைகள் சம்பந்தமான கோப்புகளைப் பல வருடம் பார்த்தவர். பாராலாச்சா, தங்லாங் லா என்று அவர் டைப் அடித்த கணவாய்ப் பெயர்களில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, "அந்த ரோடு எப்படித்தான் இருக்கும்னு பார்த்துடணும்டா" என்றார். அவ்வளவுதான் திட்டம்.

2012 ஜூலை. அவருக்கு அப்போது 66 வயது. வயதானவரை அத்தனை உயரத்துக்கு அழைத்துப்போகலாமா என்று திட்ட வருகிறவர்களுக்கு: டாக்டரிடம் காட்டினோம், ரத்த அழுத்த மாத்திரை தவிர வேறொன்றும் இல்லை, போகலாம் என்றார். தப்பு வேறு இடத்தில் நடந்தது. வருகிறேன்.

முதலில் வண்டி. 1,089 சிசி, புதிதாக இருக்கும்போதே ஏறக்குறைய நாற்பது குதிரைத்திறன்தான். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஐயாயிரம் மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே கொடுத்த பெட்ரோலையே மேலேயும் கொடுக்கும். எரிக்கக் காற்று போதாது. கரும்புகை, கரி பிடித்த பிளக், ஏறாத வண்டி. இன்றைய வண்டிகளில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. நமக்கு நாம்தான் கம்ப்யூட்டர்.

தில்லி காஷ்மீரி கேட்டில் உதிரிபாகம் வாங்கப் போனபோது ஒரு வயதான சர்தார்ஜி மெக்கானிக் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சின்ன அளவில் இரண்டு மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற துளை வைத்த திருகு) எடுத்து, ஹோமியோபதி மாத்திரை டப்பா ஒன்றில் போட்டுக் கையில் வைத்தார். "கேலாங்கில் மாற்று, அதற்கு முன்னால் மாற்றாதே" என்றார். ரோதாங் தாண்டி வருகிற ஊர் அது. மாற்றும் வித்தையைக் கடை வாசலிலேயே மூன்று முறை செய்ய வைத்தார். கூடவே பாயிண்ட் (பிளக்கில் பொறி வரவைக்கிற தொடுமுனை), கன்டென்சர், பெட்ரோல் பம்ப் டயாபிரம், ஃபேன் பெல்ட், நாலு பிளக், இரண்டு ட்யூப். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் ஊற்று, ராத்திரி உறையும் என்றதும் அவர்தான்.

நேர்மையாகச் சொன்னால் எங்களுக்கு முதல் தொல்லை வந்தது மலையுச்சியில் இல்லை, ஸ்வார்காட் ஏற்றத்தில். பஞ்சாப் வெயிலில் ஐந்து மணி நேரம் ஓடிய வண்டி அங்கே ஏறத் தொடங்கியதும் இருமி நின்றது. பெட்ரோல் பம்ப் இன்ஜின் மேலேயே இருப்பதால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடும், பம்ப் ஆவியை இழுக்காது. பழைய வண்டி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் வைத்தியம் தெரியும். அப்பா ஒன்றும் பேசாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டாகக் கிழித்தார், பாட்டில் தண்ணீரில் நனைத்து பம்ப் மேல் சுற்றினார். இருபது நிமிடம். கிளம்பிவிட்டது. அந்தத் துண்டு மணாலி வரை அங்கேயே இருந்தது.

மணாலியில் ஒருநாள் ஓய்வு. அப்போது அடல் சுரங்கப்பாதை கிடையாது. 2020 அக்டோபரில் திறந்த அந்த ஒன்பது கிலோமீட்டர் உங்களுக்குக் கிடைத்த வரம். நாங்கள் விடிகாலை நாலு மணிக்குப் புறப்பட்டு ரோதாங் கணவாய் ஏறினோம். முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர். சேற்றில் ஒரு இடத்தில் பின்னால் வந்த லாரிக்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள். ஸ்டியரிங் கியரைப் பார்த்ததும் ஒருவர் சிரித்துவிட்டு, தன் அப்பா பம்பாயில் இதே வண்டியை டாக்ஸி ஓட்டினார் என்றார்.

தாண்டி என்கிற ஊரில் பெட்ரோல். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று அப்போது அங்கே பலகையே இருந்தது. பத்மினி டேங்க் நாற்பது லிட்டர்கூட வராது, மலையில் லிட்டருக்கு ஒன்பது பத்து ஓடினால் அதிகம். ஆகவே இரண்டு கேன் தனியாக. இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கேலாங்கில் இரவு தங்கிக் காலையில் ஜெட் மாற்றினேன். கை நடுங்கியது, குளிரால் பாதி, பயத்தால் பாதி. ஆனால் அன்று வண்டி போனதைப் பற்றி நான் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவேன். தார்ச்சா தாண்டி, ஜிங்ஜிங்பார் தாண்டி, சூரஜ் தால் ஏரி பக்கத்தில் வரும்போது முதல் கியரில் பதினைந்து கிலோமீட்டர் வேகம். புகை இல்லை. சூடு முள் நடுவைத் தாண்டவில்லை. பாராலாச்சா, 4,890 மீட்டர். அப்பா இறங்கிப் பெயர்ப்பலகையைத் தொட்டுப் பார்த்தார். "ஸ்பெல்லிங் நான் அடிச்சதுதான்" என்றார்.

சரி, இப்போது தப்பு. அன்றே சர்ச்சு போய்க் கூடாரத்தில் தங்கினோம். எல்லாரும் அங்கேதான் தங்குகிறார்கள், நாமும் தங்கலாம் என்ற நினைப்பு. கேலாங் சுமார் 3,100 மீட்டர், சர்ச்சு சுமார் 4,300. மூவாயிரத்துக்கு மேல் போனால், படுக்கும் உயரம் ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மலை மருத்துவத்தில் அரிச்சுவடி. ஜெட் அளவு மனப்பாடமாகத் தெரிந்த எனக்கு இது தெரியாது. வண்டியின் மூச்சைப் பற்றி ஒரு மாதம் படித்தவன், ஆளின் மூச்சைப் பற்றி ஒரு பக்கம் படிக்கவில்லை.

ராத்திரி ஒன்பதுக்கு அப்பா தலைவலி என்றார். பதினொன்றுக்கு வாந்தி. இரண்டு மணிக்கு என்னை எழுப்பி, "ஜி.டி. எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்குடா? ஹோல்டால் கட்டியாச்சா?" என்று கேட்டார். சாதாரணமாக, கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்புகிற குரலில். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பேச்சு குழம்பினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்குகிறது என்று அர்த்தம், உடனே கீழே இறங்கு, காத்திருக்காதே என்று கூடாரக்காரப் பையன் சொன்னான். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது.

அந்த இடத்தின் பொல்லாத்தனம் அதுதான். இறங்க வேண்டுமென்றால் ஏறித்தான் ஆக வேண்டும். பின்னால் பாராலாச்சா. முன்னால் கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள், அதன் மேல் நக்கீ லா, ஐயாயிரத்தைத் தாண்டுகிற லாச்சுங் லா, அதற்கப்புறம் வருகிற பாங் என்ற இடமும் சர்ச்சுவைவிட உயரம். ஆகவே பின்னால்தான். பக்கத்து ராணுவ முகாமில் எழுப்பிச் சொன்னோம், உடனே ஆக்சிஜன் கொடுத்தார்கள். வெளிச்சம் கீறியதும் கிளம்பினோம்.

அந்தக் குளிரில், கண்ணாடியெல்லாம் பனி படிந்து, சோக்கை முழுக்க இழுத்துச் சாவியைத் திருப்பினேன். மூன்றாவது திருப்பலில் பிடித்துக்கொண்டது. பாராலாச்சாவை ஒரே மூச்சில் இரண்டாம் முறை ஏறி இறங்கியது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காது என்பதால் இரண்டாம் கியரிலேயே இறக்கினேன். கீழே ஜிஸ்பா கிராமம் வந்தபோது அப்பா பின்சீட்டிலிருந்து, "இங்க காபி கிடைக்குமா?" என்று கேட்டார். ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் அழுதேன். கேலாங் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

இப்போது சொல்லுங்கள், வண்டி தாங்கியதா இல்லையா?

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அப்பா எல்லாரிடமும், "வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணிடுச்சு, அதான் திரும்பிட்டோம்" என்றார். தனக்கு முடியாமல் போனதைச் சொல்ல அவருக்கு வெட்கம். நான் வாயைத் திறக்க முடியுமா? என் தங்கையின் கணவர் அதைப் பிடித்துக்கொண்டு கண், மூக்கு வைத்துப் பரப்பினார். வீட்டு மாப்பிள்ளை, எதிர்த்துப் பேசவும் முடியாது. கடைசியாகக் கேட்டபோது இன்ஜின் வெடித்திருந்தது.

அப்புறம் எங்கள் துவாரகா அடுக்ககத்தின் அப்போதைய செயலாளர். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்மினியின் முன்கண்ணாடியில் "கபாடிக்குப் போடவும்", அதாவது பழைய இரும்புக்கு, என்று பசை போட்டு ஒட்டியவர் அவர். கழித்துக் கட்டினால் கிடைக்கிற பார்க்கிங் இடத்தில் தன் இரண்டாவது காரை நிறுத்தத்தான். அந்தப் பசையைச் சுரண்ட எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

இது உங்களுக்கும் பொருந்தும் என்பதால் சொல்கிறேன். 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் தில்லியில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல் உத்தரவிட்டது, உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதி செய்தது. காற்றுக்காகத்தான், எனக்கும் ஆஸ்துமா பையன் இருக்கிறான், புரிகிறது. வின்டேஜ் என்று பதிவு செய்யலாமே என்பீர்கள். 2021-ல் வந்த விதிப்படி அதற்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும், அப்போதும் அன்றாடம் ஓட்ட முடியாது. அதனால் மதுரையிலேயே ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) புதுப்பித்துக்கொண்டு, லாரியில் ஏற்றி நேராக சண்டிகருக்கு அனுப்புங்கள், அங்கிருந்து ஓட்டுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, கிளம்பும்போது ஒருமுறை விசாரியுங்கள். கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவு தங்குங்கள். சர்ச்சுவில் படுக்காதீர்கள். பாயிண்டைத் தானே வைக்கத் தெரியாதவர் இந்த வண்டியில் போக வேண்டாம்.

எங்கள் பத்மினி 2019-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கித் திருச்சிக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டுக் கொட்டகையில்தான் நிற்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் "லடாக்ல படுத்துடுச்சே, அந்த வண்டி" என்று அறிமுகம் செய்கிறாராம். போன பொங்கலுக்கு அப்பா போயிருந்தபோதும் அப்படியே சொல்லியிருக்கிறார். அப்பா பானட்டில் இருந்த தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தாராம்.

பெயர் போடாமல்தான் இதை எழுதுகிறேன். அந்த ஜெட் டப்பா இன்னும் என் மேஜையில் இருக்கிறது, அளவு வேண்டுமானால் கேளுங்கள்.