ஆர்க்டிக் யாருக்குச் சொந்தம்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வடதுருவப் பனி, கப்பல் பாதை, நாடுகளின் இழுபறி பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கயல்விழி: சார், ஆர்க்டிக் கடல் பனி உருகினால் நம் கரையில் கடல் ஏறுமா?

மிதக்கும் பனியால் அநேகமாக ஏறாது. டம்ளரில் மிதக்கும் ஐஸ் கரைந்து தண்ணீர் வழிந்து பார்த்திருக்கிறீர்களா? நிலத்தின் மேல் கிடக்கிற கிரீன்லாந்துப் பனிதான் பயம். அது முழுக்க உருகினால் சுமார் 7 மீட்டர் ஏறும். அதற்குப் பல நூறு ஆண்டுகள், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல்கூடப் பிடிக்கலாம். ஆனால் கடல் பனி போவதும் லேசுப்பட்டதல்ல. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், கருத்த கடல் அதைக் குடித்துவிடும். 1979 முதல் உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் ஆர்க்டிக் சூடாவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

பிரபு: பனி உருகி வடக்கே கப்பல் பாதை திறந்தால், அப்போ சூயஸ் கால்வாயை மூடிவிடலாமா அண்ணா?

அவசரப்படாதே தம்பி. ராட்டர்டாமிலிருந்து யோக்கோஹாமாவுக்கு சூயஸ் வழியாகச் சுமார் 20,000 கி.மீ., ரஷ்யாவின் வடகரை வழியாகச் சுமார் 13,000. வரைபடத்தில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். கன்டெய்னர் கப்பலுக்கோ தூரத்தைவிட நேரம் தவறாமை முக்கியம். கோடையிலும் காற்று பனியைத் தள்ளிக்கொண்டு வந்து வழியை அடைக்கும். சில நீரிணைகளில் ஆழம் போதாது. பழுதானால் ஒதுங்கத் துறைமுகம் அரிது, காப்பீடும் எகிறும். இந்த வடகரைப் பாதையில் 2024-க்குள் ஆண்டுக்கு 8 கோடி டன் சரக்கு என்று புதின் இலக்கு வைத்தார், போனது 3.8 கோடிக்கும் கீழே. அதிலும் பெரும்பகுதி ரஷ்யாவின் சொந்த எண்ணெயும் எரிவாயுவும்தான். சூயஸில் சாதாரண ஆண்டில் நூறு கோடி டன்னைத் தாண்டும்.

ஹரீஷ்: ரஷ்யா துருவத்தில் கொடி நட்டதே, அதற்கு மதிப்பு உண்டா?

2007 ஆகஸ்டில், 4,200 மீட்டருக்கும் கீழே, டைட்டானியக் கொடி. படம் நன்றாக வந்தது, பட்டா வரவில்லை. கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால் கடலடியில் உரிமை வேண்டுமென்றால், அது தன் நிலத்தின் தொடர்ச்சி என்று நிரூபிக்க வேண்டும். துருவத்துக்கு அடியில் கடலுக்குள் ஓடும் லொமொனோசொவ் மலைத்தொடரை ரஷ்யா, டென்மார்க் (கிரீன்லாந்து அதன் கீழ் இருப்பதால்), கனடா மூன்றுமே தன்னுடையது என்கின்றன. ஐ.நா. ஆணையம் பரிந்துரைதான் செய்யும். எல்லையை அவர்களே பேசித் தீர்க்க வேண்டும். இந்த விதிகள் இருக்கிற ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தில் அமெரிக்கா இன்னும் சேரவே இல்லை! கடலடியைவிட வழிதான் பெரிய வம்பு என்பது என் கணிப்பு. கனடாவின் வடக்குத் தீவுகளுக்கு இடையே போகும் வடமேற்குப் பாதை தன் உள்நாட்டு நீர் என்கிறது கனடா, சர்வதேச நீரிணை என்கிறது அமெரிக்கா. இத்தனைக்கும் இருவரும் நேட்டோ கூட்டாளிகள்.

மெஹ்ராஜ்: கிரீன்லாந்து மேல் அமெரிக்காவுக்கு ஏன் இந்த மோகம்?

புது ஆசை இல்லை. 1946-லேயே அமெரிக்க அதிபர் ட்ரூமனின் அரசு 10 கோடி டாலர் தங்கம் தருவதாக டென்மார்க்கிடம் அந்தத் தீவைக் கேட்டது. ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஏவுகணை வரும் குறுக்குவழி துருவத்தின் மேலேதான். அதைக் கண்காணிக்க கிரீன்லாந்தின் பிட்டுஃபிக்கில் அமெரிக்க ராணுவத் தளம் ஏற்கெனவே இருக்கிறது. டென்மார்க்குடன் போட்ட 1951 ஒப்பந்தம் அதற்கு இடமும் தந்திருக்கிறது. திண்ணையில் இடம் கிடைத்தவர் வீட்டையே கேட்கிற கதை.

செல்வராணி: இந்தியாவுக்கு அங்கே என்ன வேலை?

நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் 2008 முதல் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் இருக்கிறது. 2013 முதல், ஆர்க்டிக் நாடுகளின் அமைப்பான ஆர்க்டிக் கவுன்சிலில் பார்வையாளர். சென்னையிலிருந்து ரஷ்யாவின் கிழக்குக் கரைத் துறைமுகமான விளாதிவஸ்தோக்குக்குக் கடல்வழி வந்ததும் நாளைக்கே வடகரைப் பாதையில் போகலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். பிரபுவுக்குச் சொன்ன பதிலே அவர்களுக்கும்.

பிரபு: இந்த நாடுகள் எதிலுமே ஒத்துப்போனதில்லையா?

போயிருக்கின்றன. நடு ஆர்க்டிக் கடலில் வணிக மீன்பிடிப்பு தொடங்கும் முன்பே, 16 ஆண்டுகளுக்கு வேண்டாம் என்று அமெரிக்கா, ரஷ்யா, சீனா உள்ளிட்ட ஒன்பது நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் 2018-ல் கையெழுத்திட்டன. 2021-ல் அது நடைமுறைக்கு வந்தது. உக்ரைன் போருக்குப் பிறகும் அது நிற்கிறது.