துண்டுக்கும் கம்ஃபர்ட் ஊற்றலாமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டில் போர் தண்ணீர்தான். மெஷினில் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டால் துணியெல்லாம் அட்டை மாதிரி விறைத்துக்கொள்கிறது. அதனால் ஆறு மாதமாக எல்லாவற்றுக்கும் கம்ஃபர்ட் என்ற ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றுகிறேன். மென்மை வந்துவிட்டது, ஆனால் குளித்துவிட்டுத் துடைத்தால் துண்டு ஈரத்தை இழுக்க மாட்டேன் என்கிறது. எட்டு மாதக் குழந்தை வேறு இருக்கிறது. "அது வெறும் சென்ட்டு, காசுக்குக் கேடு" என்கிறார் மாமியார். தொடரலாமா, நிறுத்திவிடலாமா?

பதில்: உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. அந்த பாட்டிலில் சென்ட்டோடு கொழுப்பும் இருக்கிறது. துண்டைக் கெடுத்தது அந்தக் கொழுப்புதான். ஆகவே துண்டுக்கும் குழந்தைத் துணிக்கும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்றத் துணிகளுக்கு வேண்டுமா என்பது, துணி ஏன் விறைக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு பேச வேண்டிய விஷயம்.

நான் திருப்பூரில் பின்னலாடைத் துணியைப் பதனிடும் வேலையில் பல வருஷம் இருந்தவன். சாயம் ஏறிய துணி கடைசியாக ஒரு ஸாஃப்ட்னர் கரைசலில் முங்கி எழுந்துதான் வெளியே போகும். கடையில் டி-ஷர்ட்டைத் தடவிப் பார்த்து "என்ன மெத்துமெத்துன்னு இருக்கு" என்கிறோமே, அதில் பாதி பஞ்சின் குணம், மீதி இந்தக் கரைசலின் வேலை. நாலைந்து துவைப்பில் அது போய்விடும். புதிதாக வாங்கிய துண்டு முதல் சில நாட்களுக்கு ஈரத்தை இழுக்காமல் வழுக்குவதும் இதனால்தான். ஆலையில் நாங்கள் கடைசியில் செய்ததைத்தான் நீங்கள் வீட்டில் ஒவ்வொரு துவைப்பிலும் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இன்றைய கண்டிஷனர்களில் பெரும்பாலும் இருப்பது எஸ்டர்குவாட் என்ற வகை ரசாயனம். பாமாயிலிலோ மாட்டுக் கொழுப்பிலோ இருந்து எடுத்த கொழுப்பமிலம்தான் அதற்கு மூலப்பொருள். அதன் தலைப்பக்கத்தில் நேர்மின்னேற்றம், வால்பக்கத்தில் எண்ணெய்ப் பசை. நனைந்த பருத்தி இழைக்கு லேசான எதிர்மின்னேற்றம் உண்டு. அதனால் தலை போய் இழையில் ஒட்டிக்கொள்ள, வால்கள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இழையும் இழையும் உரசாமல் வழுக்குவதைத்தான் கை மென்மை என்று உணர்கிறது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய மாதிரிதான். எண்ணெய் தடவிய முடியில் தண்ணீர் நிற்காமல் உருண்டோடுவது போல, துண்டின் மேலும் ஓடுகிறது.

சலவைத் தூளில் இருப்பது இதற்கு நேர் எதிரான மின்னேற்றம் கொண்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரிந்துவிடும். அழுக்கும் போகாது, மென்மையும் வராது, கறுப்புத் துணியில் திட்டுத்திட்டாகப் பிசின் ஒட்டும். கடைசி அலசலில் ஊற்றச் சொல்வது இதனால்தான். மெஷின் டிரேயில் பூப் படம் போட்ட அறை அதற்கென்றே இருக்கிறது. அந்த அறையில் மேக்ஸ் என்ற கோட்டைத் தாண்டி ஊற்றினால், உள்ளே இருக்கும் குழாய் முன்னதாகவே அதை உறிஞ்சித் துவைக்கும் தண்ணீரோடு கலந்துவிடும். நிறைய ஊற்றினால் நிறைய மென்மை என்பது இங்கே செல்லாது.

இனி விறைப்புக்கு வருவோம். உங்கள் வீட்டில் மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன என்றே நினைக்கிறேன்.

முதலாவது தண்ணீர். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. நுரை வராத போர்களில் இந்த அளவு எங்கேயோ போய் நிற்கும். சலவைத் தூளில் நிறையச் சேர்க்கப்படும் சலவைச் சோடா இந்தக் கால்சியத்தைச் சந்தித்ததும் சுண்ணாம்பாகத் திரண்டு இழைகளுக்குள் உட்கார்ந்துகொள்கிறது. பக்கெட்டின் அடியில் படியும் வெள்ளையும் துணியில் படிவதும் ஒன்றுதான்.

இரண்டாவது, நாமே செய்துகொள்வது. நுரை வரவில்லை என்று இன்னும் ஒரு கரண்டி தூள் போடுகிறோம். நுரைக்கும் அழுக்கு போவதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. கூடுதல் தூள் முழுவதும் அலசப்படாமல் துணியிலேயே காய்கிறது. ஒரு சோதனை செய்து பாருங்கள். துவைத்துக் காய்ந்த துண்டு ஒன்றை எடுத்து, வெறும் குடிதண்ணீர் உள்ள பக்கெட்டில் போட்டு நன்றாகக் கசக்குங்கள். நுரை கிளம்பினாலோ தண்ணீர் பால் மாதிரி கலங்கினாலோ, கண்டிஷனரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டியது அலசல்தான். பல வீடுகளில் இதைச் செய்து காட்டியதும் பேச்சு நின்றுவிடும்.

மூன்றாவது காரணம் யாருடைய குற்றமும் இல்லை. ஜப்பானின் காவோ நிறுவனமும் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020-ல் ஓர் ஆய்வு வெளியிட்டன. கொடியில் அசையாமல் காயும் பருத்தித் துண்டில், இழைகளின் மேல் மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று கடைசிவரை தங்கிவிடுகிறதாம். அது பசைபோல வேலை செய்து இழைகளைப் பக்கத்து இழைகளோடு பிணைத்துவிடுகிறது. அந்தப் பிணைப்பை உடைக்க ரசாயனம் தேவையில்லை. காயப்போடும்போது 'படார்' என்று நாலு உதறு, காய்ந்து எடுக்கும்போது இன்னொரு நாலு உதறு. பாட்டிமார் வேட்டியை உதறி உதறிக் காயப்போட்டது சுருக்கம் போவதற்கு மட்டும் என்று நினைத்திருந்தேன், அதில் இதுவும் இருந்திருக்கிறது.

ஆக, செய்ய வேண்டியது இது. தூளை விட்டுவிட்டு லிக்விட் டிடர்ஜென்ட்டுக்கு மாறுங்கள், அதில் இந்தச் சோடாத் தொல்லை குறைவு. பாட்டிலில் கடினத் தண்ணீருக்கென்று போட்டிருக்கும் அளவை மீறாதீர்கள். மெஷினில் கூடுதல் அலசல் பட்டனை அழுத்துங்கள். ஏற்கெனவே சுண்ணாம்பு ஏறிய துணிகளை மாதம் ஒருமுறை, அரை பக்கெட் தண்ணீரில் ஒரு டேபிள் ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கரைத்துக் கால் மணி நேரம் ஊறவைத்து அலசிவிடலாம். வினிகரும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அதை வாராவாரம் மெஷினுக்குள் ஊற்றச் சொல்லும் யோசனை எனக்குப் பிடிக்காது, நாளடைவில் கதவு ரப்பர் கெட்டுப்போகலாம். பக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ப்ளீச் போட்ட தண்ணீரோடு இவை இரண்டும் ஒருபோதும் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது விளையாட்டல்ல.

இவ்வளவும் செய்தபின், கண்டிஷனர் வேண்டுமா? எல்லாவற்றுக்கும் வேண்டாம், சிலவற்றுக்கு ஊற்றலாம். ஸ்வெட்டர், முரட்டு ஜீன்ஸ், பழைய பெட்ஷீட், பாலியஸ்டர் சுடிதார், இவற்றுக்குப் பாதி மூடி போதும். குளிர்நாடுகளில் டிரையரில் காயும் செயற்கை இழைத் துணி நிலைமின்சாரம் ஏறி உடம்பில் ஒட்டிக்கொண்டு சொடுக்கும், அங்கே இதன் பெரிய உபயோகம் அதைத் தடுப்பது. சென்னைக் காற்றின் ஈரத்தில் அந்தத் தொல்லை நமக்கு அநேகமாக இல்லை.

துண்டு, கைக்குட்டை, மைக்ரோஃபைபர் துடைப்பான், குழந்தையின் துணி நாப்கின் ஆகியவை ஈரத்தை இழுப்பதற்கென்றே இருப்பவை. அவற்றுக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம். வியர்வையை வெளியே கடத்தும் டிராக் பேன்ட், விளையாட்டு பனியனுக்கும் அதே கதிதான். கஞ்சி போட்டுக் கட்டும் காட்டன் புடவைக்கு ஊற்றுவது வேடிக்கை. ஒரு கையால் விறைப்பு ஏற்றி மறு கையால் இறக்குகிறோம். பட்டுப் புடவையைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது மெஷின் பக்கமே போகக் கூடாது.

குழந்தை விஷயத்தில் என் கவலை கொழுப்பைவிட வாசனையைப் பற்றியது. தோல் ஒவ்வாமைக்குப் பெயர்போனது வாசனைத் திரவியங்கள்தான். அலசலில் மற்றவை போனாலும், கண்டிஷனரின் வாசனை துணியில் நாள்கணக்கில் தங்கும்படியே செய்யப்பட்டிருக்கிறது. சட்டைக் காலரை வாயில் வைத்துச் சப்பும் வயது உங்கள் குழந்தைக்கு. தோல் வறண்டு சிவக்கிற குழந்தையாக இருந்தால், ஒரே லோடில் துவைக்கும் பெரியவர்கள் துணிக்கும் வேண்டாம். நீங்கள் தூக்கி வைத்துக்கொள்ளும்போது அதன் முகம் உங்கள் தோளில்தானே பதிகிறது.

ஐப்பசி மழையில் துணி காயாமல் ஒரு நாற்றம் அடிக்கும். அதற்காக ஊற்றுபவர்களும் உண்டு. அந்த நாற்றத்தை உண்டாக்குவது மொராக்ஸெல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா என்று 2012-ல் ஜப்பானில் கண்டறிந்தார்கள். கண்டிஷனர் அதை மறைக்கும், போக்காது. வெந்நீரில் துவைத்து, ஃபேனுக்கு அடியிலாவது சீக்கிரம் காயவைத்தால்தான் போகும்.

கெட்டுப்போன துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 60 டிகிரி வெந்நீரில், டிடர்ஜென்ட் மட்டும் போட்டு இரண்டு மூன்று முறை துவையுங்கள். சாயத் துண்டாக இருந்தால் தனியாக. ஒவ்வொரு முறையும் காய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் இன்னொரு முறை துவைக்க வேண்டும். உடனே உள்ளே இறங்கினால் துண்டு பிழைத்துவிட்டது. அடுத்த முறை வாங்கும்போது தடித்த டர்க்கி டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு இரண்டு வாங்கிப் பாருங்கள். விறைக்க அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, மழையிலும் அரை நாளில் காயும், மாமியாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

மிச்சமிருக்கும் பாட்டிலை ஜீன்ஸுக்கும் பெட்ஷீட்டுக்கும் ஊற்றித் தீர்த்துவிடுங்கள். அதுவரை உயரமான அலமாரியில் இருக்கட்டும். ரோஸ்மில்க் நிறத்தில் வாசனையாக இருக்கும் பாட்டில், தவழப்போகும் குழந்தை இருக்கும் வீட்டில் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் நிற்கக் கூடாது.