பதில்: க்னோமில் ஒரு பக்கம், கேடிஇயில் மறுபக்கம் வரும் பொத்தான்கள்

வணக்கம். சிங்கப்பூர் ஈசூன் சமூக மன்றத்தில் மூத்தோருக்காக நீங்கள் க்யூடியில் (செயலிகளின் சாளரம், பொத்தான்களை எழுத உதவும் நிரல் தொகுப்பு) எழுதும் சொற்பயிற்சிச் செயலியில், 'சேமி' என்று நினைத்து 'ரத்து' பொத்தானைத் தட்டிவிடுகிறார்கள், க்னோம், கேடிஇ என்ற இரண்டு லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கும் பொது நெறி உண்டா என்று கேட்டிருந்தீர்கள்.

பொத்தான் வரிசைக்கு இல்லை. க்னோமில் 'சேமி' வலக்கோடியில். கேடிஇயில் 'ரத்து'தான் வலக்கோடியில். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. 2000இல் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் என்ற கூட்டுத் திட்டத்தின் வழியாக ஐகான் பெயர்கள், மெனுவுக்கான கோப்புகள் போன்றவற்றில் ஒத்துப்போனார்கள், அவ்வளவுதான்.

பொத்தான்களைக் கையால் அடுக்காதீர்கள். க்யூடியிலேயே உள்ள பொத்தான் பெட்டியான கியூடயலாக்பட்டன்பாக்ஸில் போட்டு, எது அக்செப்ட்ரோல் (ஏற்கும் பொத்தான்), எது ரிஜெக்ட்ரோல் (ரத்து செய்யும் பொத்தான்) என்று மட்டும் சொல்லுங்கள். அந்தந்த டெஸ்க்டாப்பின் வழக்கப்படி அதுவே அடுக்கிக்கொள்ளும்.

ஆனால் உங்கள் வகுப்பில் ஒரே ஆள் இன்று ஒரு மடிக்கணினி, அடுத்த வாரம் வேறொன்று என்று உட்கார்ந்தால், நெறியை விட்டுத்தள்ளுங்கள். செயலியின் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைல்ஷீட்டில் பட்டன்-லேஅவுட் 3 என்று போட்டால் எல்லா இடத்திலும் க்னோம் வரிசைதான். 2 என்றால் கேடிஇ. தாத்தா பாட்டிகளுக்கு அதுவே நல்லது, தூய்மைவாதிகள் முணுமுணுக்கட்டும்.